பேட்டரி மாத்தியும் லைட்டு மங்குன மோட்டார்ஹோம்: கும்பகோணம் பட்டறைல பாத்த ஒரு கேஸ்

வண்டி 17 சீட்டு டீசல் வேன், 2017 மாடல். சீட்ட எல்லாம் கழட்டிட்டு உள்ள கட்டில், சின்ன கிச்சன், 12 வோல்ட் ஃப்ரிட்ஜ், கேசட் டாய்லெட், 150 லிட்டர் தண்ணி டேங்க், கூரை மேல ரெண்டு சோலார் பேனல்னு வெளி மாவட்டத்துல ஒரு பாடி பட்டறைல கட்டி வாங்கிருக்காங்க. ஓனர் தஞ்சாவூர் பக்கம், ரிட்டயர்டு ஆன சார், வீட்டம்மாவும் ரிட்டயர்டு டீச்சர். ரெண்டு பேரும் வேளாங்கண்ணி, தரங்கம்பாடி, கோடியக்கரைனு கடலோரமா போய் நாள் கணக்கா நிறுத்தி தங்குவாங்க, திரும்பி வந்தா வண்டி தோப்புல மாச கணக்கா நிக்கும். ஓட்டம் ரொம்ப கம்மி, மீட்டர பாத்தா ஏதோ டாக்டர் வீட்டு கார் மாதிரி இருக்கு. இத ஏன் மொதல்லயே சொல்றேன்னா இந்த வண்டில நாங்க பாத்த பெரிய கோளாறு எதுவும் ஓடுனதால வந்தது இல்ல, பெரும்பாலும் நின்னதால வந்தது. பஸ்ஸு லாரி பாக்குற மெக்கானிக் கிலோமீட்டர வச்சு சர்வீஸ் சொல்லுவாரு, மோட்டார்ஹோமுக்கு அந்த கணக்கு பாதிக்கு தான் உதவும்.

வந்த கம்ப்ளைன்ட் இது தான். ராத்திரி ரெண்டு மூணு மணிக்கு ஃப்ரிட்ஜ் நின்னுடுது, தண்ணி பம்பு போட்டா லைட்டு மங்குது, ஆனா காலைல பத்து பத்தரைக்கெல்லாம் சோலார் கன்ட்ரோலர் (பேனல் கரண்ட்ட பேட்டரிக்கு அளந்து விடுற பொட்டி) "ஃபுல்"னு காட்டுது. வேற ஒரு கடைல டியூபுலர் பேட்டரி, அதாவது தண்ணி ஊத்துற ஈய பேட்டரி, ரெண்டையும் மாத்தி குடுத்துருக்காங்க, கொஞ்ச நாள் நல்லா இருந்து திரும்ப அதே கதை. "தம்பி, இந்த டியூபுலர தூக்கிட்டு லித்தியம் போட்டுடலாமா, எவ்ளோ ஆகும்னு மட்டும் சொல்லுங்க"ன்னு சார் கேட்டாரு. போட்டுருந்தா நல்ல லாபம் தான், ஒரு மாசம் கழிச்சு அதே கம்ப்ளைன்டோட திரும்ப வந்துருப்பாரு.

இதுல எங்களுக்கு பெரிய உதவி டீச்சரம்மாவோட நோட்டு. எந்த ஊர்ல நின்னாங்க, மழையா வெயிலா, கரண்ட்டு பிளக்கு கெடச்சுதா, ஃப்ரிட்ஜ் எத்தன மணிக்கு நின்னுச்சுன்னு தேதி போட்டு எழுதி வச்சிருந்தாங்க. மழை நாள்ல ஃப்ரிட்ஜ் சீக்கிரம் நிக்குதுன்னு அவங்களே கோடு போட்டு வச்சிருந்தாங்க. அத பாத்த உடனே தண்ணி கோளாறுன்னு முடிவு கட்ட முடியாது, ஏன்னா மழை நாள்ல சோலாரும் வராது, பேட்டரி கம்மியா தான் ஏறிருக்கும். ஆனா வேளாங்கண்ணில ஒரு லாட்ஜு வாசல்ல நிறுத்தி பகல் பூரா வீட்டு பிளக்குல போட்டு சார்ஜ் பண்ணிருக்காங்க, அன்னிக்கு ராத்திரி பிளக்க எடுத்துட்டு படுத்தும் ஃப்ரிட்ஜ் விடிய விடிய ஓடிருக்கு. அதுக்கு கீழயே சின்னதா "பம்பு போட்டால் விளக்கு மங்கல், வழக்கம்போல்"னு எழுதிருக்காங்க. இந்த ஒரு வரில பாதி கேஸ் முடிஞ்சுது. பிளக்குல போட்டா பேட்டரி ஏறுது, ராத்திரி தாங்குது, அப்ப பேட்டரி சாகல. சோலார்ல போட்டா ஏறல. ஆனா ரெண்டு நாளுமே லைட்டு மங்குது. பேட்டரிக்கு வெளிய எங்கயோ கரண்ட்டு மாட்டிக்கிட்டு நிக்குது.

இன்னொரு துப்பு மிக்ஸி. இந்த வண்டில வீட்டுக்கு போடுற 900 விஏ இன்வெர்ட்டர் ஒண்ண பேட்டரி முனைலயே நேரா கட்டிருக்காங்க. மிக்ஸி ஓடுதான்னு கேட்டேன், சட்னி எல்லாம் நல்லா அரைக்குதுங்கன்னாங்க. 500 வாட் மிக்ஸி 12 வோல்ட் பேட்டரிலேர்ந்து 45 ஆம்பியருக்கு மேல இழுக்கும், பம்பு இழுக்குறது ஆறு ஏழு ஆம்பியர் தான். நாப்பத்தஞ்ச குடுக்குற பேட்டரி ஏழுக்கு எதுக்கு திணறணும்? மிக்ஸி கரண்ட்டும், பிளக்குல போட்டா இன்வெர்ட்டர் ஏத்துற சார்ஜும் நேரா பேட்டரிக்கு போயிட்டு வருது, பம்பு லைட்டு ஃப்ரிட்ஜ் சோலார் எல்லாத்துக்கும் நெகட்டிவ் வண்டி பாடி வழியா சுத்திட்டு வருது. அதனால பாக்க வேண்டிய எடம் பேட்டரி நெகட்டிவ் பாடில சேர்ற எர்த்து தான்.

பேட்டரிய அப்படியே விட்டுடாம ஆசிட் அடர்த்தி பாக்குற ஹைட்ரோமீட்டர் வச்சு எல்லா செல்லையும் பாத்தோம். 1.180, 1.185, அங்க சுத்தி இங்க சுத்தி எல்லாம் ஒரே அளவு. நம்ம ஊர் டியூபுலர் பேட்டரி ஃபுல் சார்ஜுல 1.240 கிட்ட நிக்கணும். ஏதாவது ஒரு செல்லு மட்டும் கீழ விழுந்துருந்தா பேட்டரி போச்சுன்னு சொல்லலாம், எல்லாம் சமமா கீழ இருந்தா அது பசி, சார்ஜு பத்தாம கெடக்குதுன்னு அர்த்தம். ஆனா இப்படியே பாதி வயித்தோட மாச கணக்கா கெடந்தா பிளேட்டுல சல்ஃபேட்டு கெட்டியா படிஞ்சு நெஜமாவே செத்துடும், மொத செட்டுக்கு அது தான் நடந்துருக்கும்னு நெனைக்கிறேன்.

அடுத்தது வோல்டேஜ் டிராப் டெஸ்ட்டு. இதுக்கு ஒரு சாதா மல்டிமீட்டர் போதும், ஆனா பத்துல எட்டு பேரு பண்றது இல்ல. ஃப்ரிட்ஜ், ஃபேனு, லைட்டு, பம்பு எல்லாத்தையும் போட்டு கிளாம்ப் மீட்டர்ல பாத்தா 18 ஆம்பியர் போகுது. இப்ப மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனைய சேஸ்ல சுத்தமா சுரண்டின எடத்துல, இன்னொரு முனைய பேட்டரி நெகட்டிவ் முனைலயே வைக்கணும், ஒயர மாட்டுன கிளாம்ப் மேல இல்ல, ஈய முனை மேல. ரெண்டும் ஒரே எடம் தான, சைபர் காட்டணும், 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா விட்டுடலாம். இங்க 0.9 காட்டுச்சு. 0.9 வோல்ட்ட 18 ஆம்பியரால வகுத்தா 0.05 ஓம். கேக்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும். இதே எடத்துல லோடு எல்லாம் அணைச்சிட்டு ஓம் ரேஞ்சுல பாத்தா மீட்டர் வயரோட ரெசிஸ்டன்ஸே அதவிட ஜாஸ்தி, ஒண்ணும் தெரியாது, எர்த்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டு போயிடுவோம். முன்னாடி பாத்த கடைல அப்படி தான் ஆயிருக்கணும்.

இந்த 0.05 ஓம் ரெண்டு பக்கமும் ஏமாத்திருக்கு, அது தான் இந்த கேஸ்ல ரசிக்கிற விஷயம். பகல்ல சோலார் 20 ஆம்பியர் தள்ளும்போது அந்த கெட்ட ஜாயின்ட்ல ஒரு வோல்ட்டு விழுது. கன்ட்ரோலர் தன் முனைல 14.4 வந்துருச்சுன்னு பாக்குது, பேட்டரி முனைல வந்துருக்குறது 13.4 தான். 14.4 வந்ததும் அது கரண்ட்ட கொறைக்க ஆரம்பிக்கும், உள்ள இருக்குற டைமர் முடிஞ்சதும் ஃப்ளோட்டுக்கு, அதாவது சும்மா தக்க வைக்கிற சார்ஜுக்கு போயி 13.6-ல நின்னுக்கும், பச்ச லைட்டு, ஃபுல்லு. ராத்திரி கரண்ட்டு எதிர் பக்கம் ஓடுது, இப்ப பேட்டரில 11.6 இருந்தா அதே ஜாயின்ட் அரை வோல்ட்ட முழுங்கிட்டு ஃப்ரிட்ஜுக்கு 11.1 தான் குடுக்குது. அந்த ஃப்ரிட்ஜுல லோ வோல்டேஜ் கட்டு 11.1-ல வச்சிருந்தாங்க. நின்னுடும். ஏத்தும்போது கம்மியா ஏத்தி எறக்கும்போது சீக்கிரம் நிறுத்தி ரெண்டு பக்கமும் பேட்டரி மேல பழி.

எர்த்து போல்ட்ட தேடுனோம். கிச்சன் கப்போர்டுக்கு கீழ, தண்ணி டேங்குக்கு பின்னாடி, கை கூட நுழையாத எடத்துல வச்சிருந்தாங்க. கப்போர்ட கழட்டி பாத்தா தரை பிளைவுட்டு மேல லக்க (ஒயர் முனைல மாட்டுற வளையம்) வச்சு, வாஷர் போட்டு, பிளைவுட்டோட சேத்து கீழ கிராஸ் மெம்பர்ல (சேஸோட குறுக்கு சட்டம்) போல்ட்டு. இரும்போட இரும்பு ஒட்ட வேண்டிய எடத்துல நடுவுல மரப்பலகை. கட்டுனப்ப டைட்டா இருந்துருக்கும், பிளைவுட்டு ஊறி உப்பி அப்புறம் காஞ்சு மக்குனதும் போல்ட்டு லூசு. விரல்ல தொட்டா லக்கு ஆடுது, லோடு போட்டா சூடாவுது, லக்கு மேல பச்ச பூத்து போல்ட்டு செம்மண் கலர்ல இருக்கு. டிங்கர் மாமா ஒரு ஸ்குரூ டிரைவர எடுத்து தரைல குத்துனாரு, கைப்பிடி வரைக்கும் போச்சு. "மாப்ள, இது பலகை இல்ல, ரவை உப்புமா"ன்னாரு.

இங்க நிறுத்தி புது எர்த்து ஒயர் போட்டு அனுப்பிருக்கலாம். லைட்டு மங்காது, ஃப்ரிட்ஜ் ஓடும், ஓனரும் சந்தோஷமா போயிடுவாங்க. ஆனா தரைய மக்க வச்ச தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு பாக்காம விட்டா அடுத்த ஐப்பசில கட்டிலோட சேத்து கீழ எறங்கிடும்.

தண்ணிக்கு மூணு வழி இருக்கு. டேங்கு பம்பு பைப்பு, இல்ல ஜன்னல், இல்ல கூரை. பம்பு லைன சோதிக்கிறது சுலபம், குழாய் எல்லாம் மூடிட்டு பம்பு சுவிட்ச ஆன்ல விட்டா பிரஷர் ஏறி நின்னுடணும். யாரும் குழாய தொடாம அப்பப்போ டுர்ருனு ஒரு தடவ ஓடி ஓடி நின்னா எங்கயோ ஒழுகுது. இங்க ராத்திரி பூரா சத்தமே இல்ல, டேங்குக்கு அடில போட்ட நியூஸ் பேப்பரும் காஞ்சே இருந்துச்சு. அப்ப வெளித்தண்ணி.

மழைத்தண்ணிய கண்டுபிடிக்கிறதுக்கு நாங்க ஹோஸ்ல தண்ணி அடிச்சு பாக்குறத கடைசில தான் பண்ணுவோம், ஏன்னா உள்ள வந்த தண்ணி கூரை ரிப்பு மேல ஓடி, பில்லர் வழியா எறங்கி, நுழைஞ்ச எடத்துக்கும் சொட்டுற எடத்துக்கும் சம்பந்தமே இல்லாம வரும். அதுக்கு பதிலா காத்து டெஸ்ட்டு. ஜன்னல், ரூஃப் வென்ட்டு, கேபின் பக்கம் எல்லாம் டேப் ஒட்டி மூடிட்டு ஒரு ஜன்னல்ல அட்டை வெட்டி வச்சு புளோயர உள்ள ஊத விட்டோம். பெரிய பிரஷர் வேணாம், கதவு லேசா வெளிய தள்ளுற மாதிரி இருந்தா போதும், ஜாஸ்தி பண்ணா சீலே பிச்சுக்கும். மேல ஏறி சோப்பு தண்ணிய பிரஷ்ல தடவிட்டே வந்தா சோலார் பேனல் பிராக்கெட்டு ஸ்குரூ ஒவ்வொண்ணுலயும் குமுழி. கிளீனர் சைடு, அதாவது எடது பக்கம், பின்னாடி பிராக்கெட்டுல மட்டும் நுரை பொங்கி வழியுது. அந்த பில்லருக்கு நேர் கீழ தான் கிச்சன் கப்போர்டு, அதுக்கு கீழ எர்த்து போல்ட்டு.

காரணம், கூரை தகட்டுல செல்ஃப் ஸ்குரூவ ஏத்திட்டு மேல பாத்ரூமுக்கு அடிக்கிற சிலிக்கான தடவிருக்காங்க, அந்த புளிப்பு வாசன வருமே அது. அது கண்ணாடிக்கு நல்லது, தகட்டுக்கு ஆகாது, காயும்போது வர்ற அசிட்டிக் ஆசிட்டு ஸ்குரூவ சுத்தி துருவ ஆரம்பிச்சு வைக்கும். சித்திரை வெயில்ல கூரை தகடு விரிஞ்சு ராத்திரில சுருங்குற ஆட்டத்துல அந்த சிலிக்கான் ஓரம் ஓரமா பிரிஞ்சுக்கும். இன்னொரு தொல்ல, சிலிக்கான் ஒட்டுன எடத்துல அப்புறம் வேற எந்த சீலன்ட்டும் பிடிக்காது, ஒரு துளி விடாம சுரண்டி எடுக்கணும். இந்த வேலைல ஆன நேரத்துல பாதி இந்த சுரண்டல்ல தான் போச்சு.

இப்ப ரிப்பேர். கூரைலேர்ந்து ஆரம்பிச்சோம், மேல அடைக்காம கீழ தரை போடுறது வீண் வேலை. பேனல எறக்கி, பழைய ஓட்டைய சுத்தி பெயின்ட்ட எடுத்து, துரு இருந்த எடத்துல பிரைமர் வச்சு, செல்ஃப் ஸ்குரூவுக்கு பதிலா அடில பெரிய வாஷர் பிளேட்டோட ஸ்டெயின்லெஸ் போல்ட்டு. பிராக்கெட்டுக்கும் கூரைக்கும் நடுவுல பியூட்டைல் டேப்பு, மேல பி.யூ. (பாலியூரித்தேன்) சீலன்ட்டு. பியூட்டைல் காயவே காயாது, தகடு ஆடுனா அதுவும் கூட ஆடும், அது தான் அதோட நல்ல குணம். மறுபடி காத்து டெஸ்ட்டு போட்டு குமுழி இல்லன்னு பாத்துட்டு தான் உள்ள கை வச்சோம்.

தரைல மக்குன பகுதிய வெட்டி எடுத்ததும் கிராஸ் மெம்பர் மேல் பக்கம் செதில் செதிலா துரு. டிங்கர் மாமா சுரண்டி தட்டி பாத்து, ஓட்டை விழல, ஒரு எடத்துல மட்டும் பேட்ச் போதும்னு சொன்னாரு. வெல்டிங் வைக்கிறதுக்கு முன்னாடி இன்ஜின் பேட்டரி, உள்ள இருக்குற பேட்டரி எல்லாத்தையும் கழட்டி, சோலார் ஒயரையும் பிரிச்சு, இன்ஜின் கம்ப்யூட்டரான இசிஎம் கனெக்டரையும் எடுத்துட்டோம். இத பண்ணாம வெல்டிங் வச்சு இசிஎம் போன வண்டிய வேற பட்டறைல பாத்துருக்கேன், அந்த பில்லுல ஒரு பழைய மொபெட்டே வாங்கலாம். பலகைக்கு ஐ.எஸ். 710 மெரைன் பிளைவுட்டு 12 எம்.எம்., வெட்டுன ஓரம் எல்லாம் எப்பாக்ஸி. பழசு ஐ.எஸ். 303 எம்.ஆர். கிரேடு, வீட்டு பீரோவுக்கு போடுறது. ரெண்டுக்கும் வெல வித்தியாசம் இருக்கு தான், ஆனா வண்டி முழுக்கவும் எத்தன ஷீட்டு ஆயிடப்போகுது, பாடி கட்டுறவங்க இதுல மிச்சம் புடிக்கிறது எனக்கு புரியவே இல்ல.

எர்த்த வேற எடத்துக்கு மாத்திட்டோம். பேட்டரி நெகட்டிவ்லேர்ந்து 25 ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர், ஈயம் பூசுன லக்கு, ஹைட்ராலிக் கிரிம்ப், நேரா ஒரு நெகட்டிவ் பஸ் பாருக்கு. சோலார் கன்ட்ரோலர், ஃப்ரிட்ஜ், பம்பு, லைட்டு எல்லாத்தோட நெகட்டிவும் தனித்தனி ஒயரா அந்த பஸ் பாருக்கு வந்துடும், பாடிய நம்பி எதுவும் இல்ல. பாடிக்கு ஒரே ஒரு எர்த்து, சுரண்டின இரும்பு மேல நேரா, கட்டிலுக்கு கீழ கண்ணுக்கு தெரியுற எடத்துல, மேல கிரீஸ். பாசிட்டிவ் பக்கம் பேட்டரி முனைக்கு ஒரு சாண் தள்ளி 100 ஆம்பியர் ஃபியூஸ் போட்டோம். அது வரைக்கும் ஃபியூஸே இல்லாம தான் இந்த வண்டி ஊர் சுத்திருக்கு, அந்த ஒயர் எங்கயாவது தேஞ்சு பாடில பட்டுருந்தா என்ன ஆயிருக்கும்னு சார் கிட்ட சொல்லல, டீச்சரம்மா அவங்களாவே கேட்டாங்க, சொன்னேன்.

பேட்டரிய மாத்தல. பிளக்குல போட்டு மெதுவா ஏத்தி, செல்லு எல்லாம் 1.235, 1.240-க்கு வந்துச்சு. ஆனா டியூபுலர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும், அது காத்த விட லேசு, மேல போகும். இந்த ரெண்டும் கட்டிலுக்கு அடில மூடி வச்ச பொட்டில, அதுக்கு மேல இவங்க படுக்குறாங்க. பொட்டி மூடிய சீல் பண்ணி, மேல் ஓரத்துலேர்ந்து ஒரு பைப்ப வெளிய எடுத்து, கீழ ஒரு காத்து ஓட்டையும் வச்சோம். சமையல் கேஸுக்கு இதே கதை தலைகீழ, எல்பிஜி காத்த விட கனம், தரைல தங்கும், அதனால சிலிண்டர் கப்போர்டுல ஓட்டை தரை மட்டத்துல இருக்கணும். இந்த வண்டில பாடி கட்டுனவரு அழகுக்காக மேல ஜாலி வச்சு கீழ அடைச்சிருந்தாரு. கீழ வெட்டி விட்டோம். ஆரஞ்சு கேஸ் டியூப்புலயும் தேதி தாண்டிருந்துச்சு, அஞ்சு வருஷம் தான் அதுக்கு.

வேலை முடிஞ்சு அதே லோடு, அதே 18 ஆம்பியர், மீட்டர் அதே மாதிரி வச்சா 0.04 வோல்ட்டு. கன்ட்ரோலர்ல 14.4 காட்டும்போது பேட்டரி முனைல 14.3. பம்பு போட்டா லைட்டுல ஒரு சின்ன துடிப்பு கூட இல்ல.

வந்த கம்ப்ளைன்ட் அதோட முடிஞ்சுது, ஆனா வண்டி தூக்கி நிக்கும்போது மிச்சத்தையும் பாக்காம விட முடியாது. வண்டி கிளீனர் சைடு லேசா சாஞ்சு நின்னுச்சு. ஸ்பிரிங் பட்டை தளர்ந்துடுச்சு, ஒரு பட்டை ஏத்திடலாம்னு பசங்க சொன்னாங்க. அதுக்கு முன்னாடி பக்கத்து ரைஸ் மில் எடை மேடைக்கு ஓட்டிட்டு போனோம், நெல்லு சீசன் இல்லாததால கூட்டம் இல்ல. மோட்டார்ஹோம் வச்சிருக்குறவங்க தண்ணி, டீசல், சாமான் எல்லாம் ரொப்பி ஒரு தடவயாவது எடை போட்டு ஆர்சி புக்குல இருக்குற எடையோட ஒப்பிட்டு பாக்கணும். முழு வண்டி, அப்புறம் முன் சக்கரம் மட்டும் மேடைல, அப்புறம் பின் சக்கரம் மட்டும், பெரிய மேடையா இருந்தா ஒரு பக்கம் மட்டும் ஏத்தியும் பாக்கலாம். மொத்தம் அளவுக்குள்ள தான் இருந்துச்சு, ஆனா தண்ணி டேங்கு 150 கிலோ, பேட்டரி ரெண்டும் நூறு கிலோவுக்கு மேல, ஃப்ரிட்ஜு, சிலிண்டர் எல்லாமே கிளீனர் சைடு. வாசக்கதவும் அந்த பக்கம் தானே, எல்லாத்தையும் கைக்கு எட்டுற மாதிரி அங்கயே வச்சிட்டாங்க. பட்டை ஏத்துனா சாய்வு போகும், கூடவே குலுக்கலும் வரும், அந்த குலுக்கல்ல கூரை சீலு மறுபடி பிரியும். அதனால பேட்டரி பொட்டிய டிரைவர் சைடுக்கு மாத்திட்டோம், சாய்வு முக்காவாசி நேராயிடுச்சு, பட்டைய தொடல.

டயர்ல கட்டை, அதாவது ரோட்டுல படுற ரப்பர், அப்படியே புதுசு மாதிரி இருக்கு, சார் அதுல ரொம்ப பெருமையா இருந்தாரு. சைடுல நாலு நம்பர் பாத்தா 1417, அதாவது 2017-ல 14-வது வாரம் செஞ்சது. டயர் ஓடாம நின்னாலும் ரப்பர் காயும், வெயில் படுற பக்கம் மயிர் மயிரா வெடிப்பு விட்டுருந்துச்சு. இந்த வெயிட்டோட நூறு கிலோமீட்டர் வேகமா போகும்போது வெடிக்கிறது இந்த மாதிரி கட்டை தேயாத கெழட்டு டயர் தான். அஞ்சு வருஷம் தாண்டுனா வருஷா வருஷம் பிரிச்சு பாக்கணும், பத்த தாண்ட கூடாது, நம்ம வெயிலுக்கு ஏழே ஜாஸ்தின்னு நான் சொல்லுவேன். ஸ்டெப்னியோட சேத்து எல்லாம் மாத்தியாச்சு, சார் முகம் மாறிடுச்சு, ஆனா வேணாம்னு சொல்லல.

ஷாக்கு விஷயம் பேச்சோட பேச்சா தான் வெளிய வந்துச்சு. வேதாரண்யத்துல ஒரு எடத்துல பிளக்கு போட்டு நிறுத்திருந்தப்ப ஈரக்காலோட கதவு பிடிய தொட்டா சுருக்குன்னு இருந்துச்சுன்னு டீச்சரம்மா சொன்னாங்க, சார் "அது உப்பு காத்து"ன்னு சொல்லிட்டாராம். உப்பு காத்து ஷாக் அடிக்காதுங்க. பழைய கட்டடத்துல மூணு முள்ளு சாக்கெட்டு இருக்கும், மூணாவது முள்ளுக்கு பின்னாடி எர்த்து ஒயரே இருக்காது. வண்டிக்குள்ள கீசர் எலிமென்ட்டு லேசா லீக் ஆகி அது பாடிக்கு வந்து, ரப்பர் டயர் மேல நிக்கிற வண்டில பாடி பூரா கரண்ட்டோட காத்துக்கிட்டு நிக்கும். உள்ள இருக்குறவங்களுக்கு தெரியாது, ஈரத்தரைல கால வச்சிட்டு கதவ தொடுறவங்களுக்கு தான் தெரியும். எலிமென்ட்ட மாத்தி, பிளக்கு உள்ள வர்ற எடத்துலயே 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டோம். எர்த்து இல்லாத சாக்கெட்டா இருந்தாலும் ஆள் வழியா கரண்ட்டு கசிஞ்சா அது தட்டி விட்டுடும். டெஸ்ட் பட்டன மாசம் ஒரு தடவ அமுக்கி பாருங்கன்னு சொல்லிருக்கேன். எக்ஸ்டென்ஷன் ஒயரையும் மாத்த சொன்னோம், அவங்க வச்சிருந்தது டேபிள் ஃபேனுக்கு போடுற ஒயரு, கீசருக்கு 2.5 ஸ்கொயர் எம்.எம். கம்மியா போட கூடாது, அதயும் சுருட்டி வச்சபடி ஓட்ட கூடாது, சூடாயி உருகும்.

அடிப்பக்கம் கடல் வாசன இல்லாம இருக்குமா. கோடியக்கரை, வேதாரண்யம் உப்பளம் பக்கம் நிறுத்துற வண்டிக்கு மழைய விட மோசம் மழை இல்லாத நாள் தான், உப்பு படிஞ்சு ராத்திரி பனில நனைஞ்சு அப்படியே வேல செய்யும், கழுவி விட ஒரு மழையும் வராது. திரும்பி வந்த உடனே நல்ல தண்ணில அடிய கழுவணும், நல்ல தண்ணின்னா ஆத்து தண்ணியோ ஊர் டேங்கு தண்ணியோ, கடலோரத்து போர்வெல்லுல கழுவுனா உப்புக்கு மேல உப்பு. ஹேண்ட் பிரேக் கேபிள் பாதி இறுகி இருந்துச்சு, மாத்தியாச்சு.

இன்னொன்னு டெல்டாக்காரங்களுக்கு சொல்ல வேணாம், வெளியூர்லேர்ந்து வண்டி எடுத்துட்டு வர்றவங்களுக்கு சொல்றேன். மாசி பங்குனில உள்ரோட்டுல வைக்கோலயும் உளுந்து செடியயும் காய போட்டுருப்பாங்க, வண்டி அது மேல ஏறி போகணும், அவங்களுக்கும் அது தான் வேணும். கார்காரங்களுக்கு தெரியும், மோட்டார்ஹோம்ல அடில தண்ணி பைப்பு, டிரெயின் வால்வுன்னு தொங்கிட்டு இருக்குறதால இன்னும் ஜாஸ்தி சுத்திக்கும். இந்த வண்டில புரொப்பல்லர் ஷாஃப்ட்டுல கயிறு மாதிரி முறுக்கி இருந்துச்சு, சைலன்சர் பக்கத்துல ஒரு கொத்து கருகியே இருந்துச்சு. அந்த மாதிரி ரோட்டுல போனா அடுத்த டீக்கடைல நிறுத்தி குனிஞ்சு பாக்கணும், வேற வழி இல்ல.

தண்ணி டேங்க பத்தி சுருக்கமா. பாசி வாசன அடிச்சுது, பம்பு ஃபில்டர்ல வழவழன்னு இருந்துச்சு. 5 சதவீத ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்டு) கரைசல் லிட்டருக்கு ஒரு மில்லி, 150 லிட்டருக்கு 150 மில்லி ஊத்தி, எல்லா குழாயயும் வாசன வர்ற வரைக்கும் தொறந்து விட்டு, நாலு மணி நேரம் ஊற விட்டு, அப்புறம் வாசன போற வரைக்கும் அலசி விட்டோம். மாச கணக்கா நிறுத்த போறீங்கன்னா டேங்க காலி பண்ணி மூடிய தொறந்து காய விட்டுட்டு கொசு வலை கட்டிடுங்க, பாதி தண்ணியோட விடுறது தான் இருக்குறதுலயே மோசம்.

வருஷத்துக்கு என்ன எப்ப பாக்கணும்னு சார் ஒரு அட்டவணை கேட்டாரு. தேதி போட்டு குடுத்தா யாரும் பாக்க மாட்டாங்க, அதனால ஊர் கணக்குலயே சொன்னேன். புரட்டாசி முடியிறதுக்குள்ள கூரை மேல ஏறி ஒவ்வொரு சீலா பாத்துடணும், ஐப்பசி அடைமழை ஆரம்பிச்சப்புறம் ஈரத்துல எதுவும் ஒட்டாது. தை அறுப்பு முடிஞ்சு வயல் காஞ்சா எலி எல்லாம் ஊருக்குள்ள ஏறும், தோப்புல நிக்கிற வண்டி தான் அதுக்கு மொத வீடு, சோயா கலந்த ஒயர் உறைன்னு இல்ல எந்த உறையயும் கடிக்கும். அடில ஒயர் நுழையிற ஓட்டை எல்லாத்தயும் ஸ்டீல் உல்லு வச்சு அடைச்சிட்டோம், தை மாசிக்கு வாரம் ஒரு தடவ பானெட்ட தொறந்து வச்சிருங்கன்னு சொன்னேன், எலிக்கு வெளிச்சம் புடிக்காது. சித்திரை வைகாசில பேட்டரி தண்ணி வேகமா கொறையும், டிஸ்டில் வாட்டர் மட்டும், சார்ஜ் ஏறுனப்புறம் ஊத்தணும். மேட்டூர் தெறந்து வாய்க்கால்ல தண்ணி வந்தா தோப்பு தரை இளகும், வண்டிய கருங்கல் மேல ஏத்தி நிறுத்தணும், இல்ல ஒரு சக்கரம் எறங்கி பாடி முறுக்கிக்கும், கதவு சரியா மூடாதப்ப தான் அது தெரிய வரும். மாசம் ஒரு தடவ சும்மா ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷத்துல ஆஃப் பண்றத விட்டுடுங்க, அதுல நல்லத விட கெட்டது தான் ஜாஸ்தி, எடுத்தா முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க, இன்ஜின் ஆயில்ல இருக்குற ஈரம் ஆவியாகணும்.

மொத்த பில்லு ரெண்டு தடவ பேட்டரி வாங்குன காச விட கொஞ்சம் ஜாஸ்தி, டயர சேக்காம சொல்றேன். பெரும்பகுதி கூலி தான், ஒயரும் லக்கும் போல்ட்டும் பெருசா ஒண்ணும் ஆகல.

ரெண்டு வேலை பாக்கி. முன் கண்ணாடி ரப்பர் ஓரத்துல சோப்பு டெஸ்ட்டுல சின்ன குமுழி வந்துச்சு, டேஷ்போர்டு பக்கம் ஈரம் இல்ல, ஆனா வர்ற புரட்டாசிக்குள்ள ரப்பர் மாத்தியாகணும். லித்தியம் ஆசை சாருக்கு இன்னும் போகல. இருக்குற டியூபுலர் ஓடி முடியட்டும், அப்ப போடலாம், ஆனா அப்ப பேட்டரிய மட்டும் தூக்கி வச்சா போதாதுன்னு சொல்லிருக்கேன். லித்தியம் கேக்குற கரண்ட்ட எல்லாம் இழுக்கும், இன்ஜின் டைனமோவோட நேரா கட்டுனா டைனமோ சூடாயி போயிடும், நடுவுல கரண்ட்ட அளவா விடுற டிசி டிசி சார்ஜர் வேணும், சோலார் கன்ட்ரோலர் செட்டிங் மாத்தணும், வீட்டு இன்வெர்ட்டர்ல லித்தியம் மோடு இருக்கான்னு பாக்கணும், இல்லன்னா அதயும் மாத்தணும். பேட்டரி வெல மட்டும் கேட்டுட்டு வந்தவருக்கு இந்த லிஸ்ட்ட தனியா ஒரு பேப்பர்ல எழுதி குடுத்துருக்கோம், டீச்சரம்மா அத நோட்டுல ஒட்டி வச்சிட்டாங்க.